பல் போன குழி



சிவில் படிச்சவன் பல்லைப் பத்திப் பேசறானேன்னு சிரிக்காதீங்க. போன வருஷம் கீழ்வரிசை ஞானப்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். "பஞ்சை அரை மணி கடிச்சிருங்க. 24 மணி நேரம் கொப்பளிக்காதீங்க, துப்பாதீங்க, எதையும் உறிஞ்சாதீங்க, சிகரெட் கூடவே கூடாது" என்றார் டாக்டர். ரத்தம்தான் நின்னாச்சேன்னு அன்று மாலையே சைட்டில் ஸ்ட்ரா போட்டு இளநீர், பிறகு ஒரு சிகரெட். (ஹாஸ்டலில் மறக்காமல் கற்ற பாடம்!)

மூன்றாம் நாள் இரவு காது வரை வலி. மாத்திரைக்கு மசியவில்லை. குழிக்குள் உறைந்திருந்த ரத்தக்கட்டி பெயர்ந்து எலும்பு வெளியே தெரிந்தது. 'டிரை சாக்கெட்' என்றார் டாக்டர். அந்தக் கட்டிதான் புண்ணுக்கு மூடி. அதைப் பிடித்துத்தான் புதுச் சதை வளர வேண்டும். நேத்துப் போட்ட கான்கிரீட்டில் எவனாவது கால் வைத்தால் மேஸ்திரியைச் சத்தம் போடுகிற நான், என் வாயிலேயே அதைச் செய்திருக்கிறேன். குழியைக் கழுவி மருந்து வைத்த பிறகுதான் தூக்கம் வந்தது.

மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம். மற்ற பல்லைத் துலக்கலாம். ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, குறைந்த வலி மறுபடி கூடினாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்க. எனக்கு அந்த சிகரெட்தான் கடைசி. அம்மா இன்னும் இளநீரைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.