குடாவும் துறையும்

பாய்ப்படகிலே நாடு நாடாகச் சுற்றிவருவோர் சிலர் உளர். அவர்கள் ஓயாது தேடும் பொருள் ஒன்று உண்டு. பொன்னன்று, மணியன்று, காற்றும் அலையும் புகாத, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சிறு குடா. அங்கே நங்கூரத்தை இறக்கி ஓரிரவு அமைதியாக உறங்க வேண்டும். இதுவே அவர்கள் வேண்டும் பேறு. அத்தகைய குடா ஒன்றைப் பற்றி, என் வாழ்வோடு ஒட்டிய வகையிலே, இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

மட்டக்களப்பாருக்குக் குடா என்பது புதிய சொல்லன்று. வடக்கே கடலோரத்தில் கல்குடா, பாசிக்குடா. பாசிக்குடாவிலே கரையிலிருந்து நெடுந்தூரம் கடலுக்குள் நடந்து செல்லலாம். அவ்வளவு ஆழமற்ற, அடங்கிய நீர். நகரின் தெற்கே நாவற்குடா, தாழங்குடா. நாவலும் தாழையும் நின்ற கரைகளை மரத்தின் பெயராலும் நீரின் வளைவாலும் நம் முன்னோர் அழைத்தனர்.

இன்னொரு சொல்லும் நம் ஊர்ப்பெயர்களிலே பயில்கின்றது. அது துறை. அம்பிளாந்துறை, சம்மாந்துறை என்பன சான்றுகள். சம்பான்கள் வந்து தட்டிய துறையே சம்மாந்துறை ஆயிற்று என்பது வழிவழி வரும் கதை. குடா என்பது நீர் நிலத்துள் வளைந்து கிடக்கும் கோலம். துறை என்பதோ மனிதன் இறங்கி ஏறும் இடம். குடாவை இயற்கை ஆக்கும். துறையை மனிதனின் காலடி ஆக்கும். அகப்பொருளிலே திணையும் துறையும் என்கிறோம்; கற்கும் கல்வியையும் துறை என்கிறோம். இறங்கிப் பழகினாலன்றி எதுவும் துறையாவதில்லை.

நமது வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்று இதைவிட அழகாகப் பெயரிடல் யார்க்கும் இயலுமோ? கடலுக்கும் வாவிக்கும் இடையே முகத்துவாரம். கோடையிலே மணல் திரண்டு அந்த வாயை அடைத்துவிடும். மாரியிலே வெள்ளம் பெருகி உடைக்கும். அன்றேல், வயல்கள் மூழ்காதபடி மனிதரே வெட்டிவிடுவர். இந்த மணற்றிட்டே வாவியின் அமைதிக்குக் காவல். அருகே 1913ஆம் ஆண்டின் வெளிச்சவீடு இன்றும் நிற்கிறது.

அந்த அமைதியை நாடி வந்தோர் பலர். 1602ஆம் ஆண்டு ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கன் தன் கப்பல்களோடு நம் கரைக்கு வந்து, இங்கிருந்து கண்டி மன்னனைக் காணச் சென்றான். பின்னர் போர்த்துக்கேயர் வாவியின் நடுவே புளியந்தீவிலே கோட்டை கட்டினர். 1638இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. அலை புகாத நீர் ஆதிக்கத்துக்கும் நல்ல இடமே. ஆகவே, நீர் அடங்கிக் கிடப்பதனால் மட்டும் ஓரிடம் அடைக்கலமாகிவிடாது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்டது. எனக்கு அப்போது பத்து வயது. ஓரிரவு பெத்தாவும் அம்மாவும் நானும் தங்கையும் எழுவான்கரையிலிருந்து தோணியிலே படுவான்கரைக்குப் புறப்பட்டோம். தோணிக்காரர் எங்களுக்கு உறவினரல்லர். பாதி வாவி கடந்திருப்போம். கரையிலே வெடிச்சத்தம் கேட்டது. வானத்திலே பரா வெளிச்சம் எழுந்து, வாவி பகலாயிற்று. அவர் ஒரு சொல்லும் பேசாமல் பாயைச் சுருட்டினார். சவளை மெல்ல வலித்து, கண்ணாமரங்கள் அடர்ந்த ஓர் ஒடுக்கத்தினுள் தோணியை நுழைத்தார். உள்ளே நீர் அகன்று ஒரு சிறு குடாவாய்க் கிடந்தது. கச்சான் காற்று வெளியே வீசிற்று. அங்கே ஓர் இலையும் அசையவில்லை.

தங்கை விசும்பினாள். "அழாத மனே. இந்த இடம் நமக்கும் மீனுக்குந்தான் தெரியும்" என்றார் அவர். விடியும்வரை அசையாதிருந்தோம். பெத்தா மண்டூர் முருகனுக்கு நேர்ந்த நேர்த்திகளை எண்ணினால் பத்தைத் தாண்டும்.

விடிகாலை அக்கரையில் இறங்கியபோது, பெத்தா சேலைத் தலைப்பிலிருந்து காசை அவிழ்த்து நீட்டினார். அவர் அதிலே பாதியைத்தான் எடுத்தார். "ஏத்தி இறக்கினதுக்குக் கூலி வாங்கலாம் பெரியம்மா. ஒளிச்சிருந்ததுக்கும் வாங்குறதா?" என்றார். அவர் இன்றில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளித்தோழர் ஒருவர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தார். அங்கே சொந்தமாக ஒரு பாய்ப்படகு வைத்திருப்பவர். முகத்துவாரத்தின் மணலும் வாவியின் ஆழக்குறைவும் அத்தகைய படகுக்கு இடங்கொடா. ஆகவே அந்தத் தோணிக்காரரின் மகனுடைய தோணியிலேயே நாங்கள் இருவரும் வாவி பார்க்கப் புறப்பட்டோம். தற்செயலாகவோ அன்றி மகன் வேண்டுமென்றேயோ, தோணி அதே ஒடுக்கத்தினுள் நுழைந்தது.

நண்பர் எழுந்து நின்றுவிட்டார். "இதைத்தான் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தேடுவோம். வாய் ஒடுக்கம், உள்ளே அகலம். காற்று எந்தத் திசையில் மாறினாலும் கவலையில்லை. அடியிலே சேறு, நங்கூரம் வழுக்காமல் பற்றும். எல்லாவற்றிலும் மேலாக, இங்கே யாருமே இல்லை" என்றார்.

தோணிக்காரரின் மகன் சிரித்தார். ஒன்றொன்றாகக் காட்டினார். அதோ நீரில் நாட்டிய கம்பு ஒருவருடைய வலைக்கு அடையாளம். இதோ மிதக்கும் வெற்றுப் போத்தலின் கீழே நண்டுக்கூடு. அந்தக் கண்ணாவின் வேரிலே கட்டிய கயிறு இறால் பிடிக்கும் ஒரு பெண்ணுடையது. யாருமில்லை என்று நண்பர் கண்ட இடத்திலே குறைந்தது மூன்று குடும்பங்களின் பிழைப்பு இருந்தது. குடா என்று அவர் கண்டதை மகன் துறை என்று அறிந்திருந்தார்.

வாவி மீது பாலங்கள் வந்துவிட்டன. கல்லடிப் பாலம் 1924இலேயே வந்தது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. பாதையிலே ஏறக் காத்து நின்ற மண்முனைத் துறையிலே இன்று வாகனங்கள் நிற்காமல் விரைகின்றன. மகிழ்ச்சியே. ஆனால் பாலத்தால் கடப்பவனுக்குக் குடாக்கள் தெரியா. அவற்றைக் காட்டுவோரும் தெரியார். உல்லாசப் பயணிகளின் படகுகள் நாளை நம் வாவியின் ஒதுங்கிய மூலைகளை நாடி வரலாம். வரட்டும். அந்த மூலைகளை அறிந்தவரிடம் கேட்டுக்கொண்டு வரட்டும் என்பதே என் வேண்டுகோள். கண்ணாக்களை வெட்டி வழி அகலமாக்கினால் காற்றும் உடன் புகும். பின்பு அது அடைக்கலமாயிராது, வெறும் நீர்ப்பரப்பாய்விடும்.

அன்று மாலை கரையில் இறங்கியபோது, மகன் கூலியைக் கணக்காகச் சொன்னார். போக இவ்வளவு, வர இவ்வளவு. குடாவுக்குள் ஒரு மணித்தியாலம் நின்றதற்குத் தனியாக இவ்வளவு. நண்பர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு சதமும் குறைக்காமல் கொடுத்தேன். உள்ளம் நிறைந்தது. தந்தை கூலி வாங்க மறுத்த அதே இடத்திற்கு மகன் கூலி கேட்கும் காலம் வந்திருக்கிறது. அங்கே நாங்கள் ஒளிந்திருக்கவில்லை, சும்மாதான் நின்றோம்.