பயிருக்கு எவ்வளவு வெயில் வேண்டும்?



இன்றைய பேச்சு நிழலைப் பற்றியது. "நிழலில் பயிர் விளையாது" என்று பலர் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை. நிழலில் சில பயிர்கள் விளையும். சில பயிர்கள் விளையாது. எது விளையும் என்று தெரியாமல் நட்டால் விதை வீண், உரம் வீண், உழைப்பும் வீண். தெரிந்து நட்டால் தோப்பில் சும்மா கிடக்கும் மண்ணும் வருமானம் தரும்.

இலைதான் செடியின் சமையலறை. வேர் தண்ணீரை அனுப்புகிறது. இலையில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்றில் உள்ள கரியமில வாயு உள்ளே போகிறது. வெயில்தான் அடுப்பு. இலையின் பச்சையம் வெயிலைப் பிடித்துச் சர்க்கரையும் மாவும் தயாரிக்கிறது. இதற்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர். இந்த உணவில் ஒரு பங்கைச் செடியே உயிர்வாழச் செலவு செய்துவிடும். மிச்சம்தான் நெல்லாகவும் கிழங்காகவும் காயாகவும் விவசாயியின் கைக்கு வருகிறது.

நிழலில் வெயில் குறைகிறது. உணவும் குறைகிறது. அப்போது செடி என்ன செய்யும்?

வரவு குறைந்த குடும்பம் என்ன செய்கிறது? கிடைப்பதைச் சிந்தாமல் சேர்க்கிறது, செலவைச் சுருக்குகிறது. நிழல் தாங்கும் செடியும் அப்படியே செய்கிறது. அதன் இலை அகலமாகிறது, மெல்லியதாகிறது. வருகிற கொஞ்ச ஒளியையும் பிடிக்க இதுவே வழி. இலைக்குள் பச்சையம் நிறைந்த சிறு துகள்கள் உண்டு. அவை ஒளியை நோக்கிப் பரவி நிற்கின்றன. கடும் வெயிலில் அவையே ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். செடி தனக்குச் செலவிடும் உணவும் நிழலில் குறைகிறது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு மாமரத்தில் வெயில் படும் உச்சி இலை ஒன்றைப் பறியுங்கள். உள்ளே நிழலில் இருக்கும் இலை ஒன்றையும் பறியுங்கள். உச்சி இலை தடிப்பாக இருக்கும். நிழல் இலை மெல்லியதாக இருக்கும்.

எல்லாப் பயிருக்கும் இந்தப் பொறுமை இல்லை. வெயிலில் வளரும் பயிர் நிழலிலிருந்து தப்பி ஓடப் பார்க்கும். தண்டு மெலிந்து நீண்டு, ஒளியைத் தேடிப் போகும். உணவெல்லாம் தண்டுக்கே போய்விடும். கதிருக்கும் காய்க்கும் மிஞ்சாது. காற்று அடித்தால் பயிர் சாய்ந்துவிடும். நெல், சோளம், கரும்பு, எள் எல்லாம் வெயில் கேட்கும் பயிர்கள்.

கேரளத்தின் தென்னந்தோப்புகளைப் பாருங்கள். அங்கே காசர்கோட்டில் மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோப்பின் வயதைப் பார்த்து ஊடுபயிரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். மரத்துக்கு மரம் 25 அடி இடைவெளி விட்டு நட்ட தோப்பில், சுமார் 8 ஆண்டு வரை தரையில் நல்ல வெயில் விழும். வாழையும் மரவள்ளியும் வளரும். அதன் பிறகு 20, 25 ஆண்டு வரை மட்டைகள் தாழ்ந்து அடர்ந்து நிற்கும். அப்போது நிழல் அதிகம். சேப்பங்கிழங்கு போன்ற நிழல் தாங்கும் பயிர்களே பொருந்தும். 25 ஆண்டு கடந்தால் மரம் உயர்ந்துவிடும். தரைக்கு மறுபடியும் ஒளி வரும். அப்போது இஞ்சி, மஞ்சள், சேனை, கோகோ நடலாம். தென்னையின் தண்டிலேயே மிளகுக் கொடியை ஏற்றலாம்.

நிழல் மரத்தால் மட்டும் வருவதில்லை. மேகத்தாலும் வருகிறது. ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம் மாநிலங்களில் மழைக்காலம் முழுவதும் வானம் மூடிக் கிடக்கும். அங்கே மழைக்கால நெல்லுக்கு ஒளி போதாது. தூர் குறையும். பால் பிடிக்கும் பருவத்தில் மேகம் மூடினால் பதர் பெருகும். பாசன வசதியோடு கோடையில் விளையும் போரோ நெல்லுக்குத் தெளிந்த வானம் கிடைக்கிறது. அதனால் அது கூடுதலாக விளைகிறது. குறைந்த ஒளியைத் தாங்கும் நெல் ரகங்களைக் கட்டாக்கில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்கிறது. 'சுவர்ணபிரபா' அப்படி ஒளிக்குறைவைத் தாங்கும் ஒரு ரகம்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். பயிர் வாடலாகத் தெரிந்தால் உடனே யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். குறை ஒளியில் இருக்கும்போது உரம் மட்டும் கூடினால் பயிர் கொழுத்து மென்மையாகும். புகையானும் குலைநோயும் எளிதாகத் தாக்கும். பயிர் சாயும். உரத்துக்குப் போட்ட பணமும் போகும். ஆகவே யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். வானம் வெளுத்த பிறகு போடுவது நல்லது.

குடகுக் காபித் தோட்டக்காரர்கள் வேறு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காபி நிழல் தாங்கும் செடி. கோடையில் நிழல் மரம் அதைக் காக்கிறது. மழை தொடங்கும் நேரத்தில் கல்யாண முருங்கை போன்ற மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுகிறார்கள். மேகம் மூடும் மாதங்களில் செடிக்குக் கொஞ்சம் ஒளி கிடைக்கிறது. நிழலையும் கூட்டிக் குறைத்துப் பயன்படுத்தலாம் என்பதற்கு இது சாட்சி.

ஊடுபயிர் நடுமுன் ஒன்று செய்யுங்கள். தெளிந்த நாளில் நடுப்பகலில் தோப்பில் நின்று தரையைப் பாருங்கள். எவ்வளவு இடத்தில் வெயில் விழுகிறது? பாதிக்கு மேல் விழுந்தால் பல பயிர்களை யோசிக்கலாம். கொஞ்சமாக விழுந்தால் நிழல் தாங்கும் பயிரே சரி. சந்தேகம் இருந்தால் வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்.

செடி தன்னால் முடிந்தவரை நிழலுக்கு இணங்கிக்கொள்கிறது. அதன் எல்லையை அறிந்து நடுவது மனிதர் வேலை.