சங்கத் தலைவர் பிறின்ஸ் ஹோல்

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே, கொப்ஸ் ஹில் என்னும் பழைய இடுகாட்டிலே, தோல் வினைஞர் ஒருவரின் நினைவுக்கல் நிற்கின்றது. 1807ஆம் ஆண்டு மார்கழியில் மறைந்த பிறின்ஸ் ஹோல் என்பாரின் கல் அது. அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர் அவர் என்பர் ஆராய்ச்சியாளர். 1777இல் பொஸ்ரன் பீரங்கிப் படைக்கு முரசுத் தோல்கள் செய்து கொடுத்தமைக்கு அவர் எழுதிய கணக்குச் சீட்டு ஒன்று உண்டு.

1775 பங்குனியில், அந்நகரிற் பாசறை கொண்டிருந்த ஆங்கிலப் படையினரின் பிறீமேசன் சங்கத்திலே அவரும், சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவர் பதினால்வரும் சேர்க்கப்பட்டனர். அடுத்த மாதமே போர் மூண்டது, பின்னர் படை அகன்றது. உள்ளூர் வெள்ளையர் சங்கங்களோ இவர்களைத் தம்மவராக ஏற்கவில்லை. எனவே ஹோல் இலண்டன் மாநகருக்கு விண்ணப்பித்தார். 1784இல் எழுதப்பெற்ற பட்டயம் 1787இலேதான் அவர் கையை அடைந்தது. அவ்வாறு உருவாயிற்று 459ஆம் இலக்க ஆபிரிக்கச் சங்கம். அதன் தலைவர் ஹோல்.

சங்கத்தவரின் நலனைப் பேணியதோடு அவர் பணி முடிந்துவிடவில்லை. 1777 தை மாதத்தில், அடிமை முறையை ஒழிக்குமாறு மாசச்சூசெற்ஸ் சட்டசபையை வேண்டிய விண்ணப்பத்திலே அவரும் ஒப்பமிட்டார். 1787இல், வரி செலுத்தும் கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்கும் கல்வி வேண்டுமென மனுச் செய்தார். அம்மனு பயனளிக்கவில்லை.

1788 மாசியில் பெருங்கொடுமை ஒன்று நிகழ்ந்தது. சுதந்திரரான கறுப்பினத்தவர் மூவரை வேலை தருவதாக ஏமாற்றிக் கப்பலேற்றி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளாக விற்கக் கொண்டு சென்றனர். ஹோல் உடனே சங்கத்தவரைக் கூட்டிச் சட்டசபைக்கு விண்ணப்பம் வரைந்தார். மதகுருமார் சிலரும் அவ்வாறே முறையிட்டனர். ஒரு மாதத்துள் அடிமை வாணிகத்தைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. தேசாதிபதி தீவுகளுக்குக் கடிதங்கள் விடுத்தார். அவ்வாண்டிலேயே மூவரும் ஊர் திரும்பினர். பட்டயத்தைப் பேழையிற் பூட்டிவைத்து மகிழ்ந்திருக்கும் தலைவர் பலர் உளர். அப்பட்டயம் தந்த மதிப்பைப் பிறர் உயிர்காக்கச் செலவிட்டவர் ஹோல்.

1797இல் சங்கத்தார் முன் உரையாற்றியபோது, பொஸ்ரன் தெருக்களிலே தம் மக்கள் நாள்தோறும் படும் அவமதிப்பை அவர் மறைக்காது கூறினார். பொறுமையையும் துணிவையும் ஒருங்கே போதித்தார்.

அவர் மறைந்தபின் சங்கத்தவர் அவர் பெயரையே தம் அமைப்புக்குச் சூட்டிக்கொண்டனர். அவர் கேட்ட கல்வி நீதி மெல்லவே வந்தது. மாசச்சூசெற்ஸ் பள்ளிகளிலே நிறப் பாகுபாட்டை விலக்கும் சட்டம் 1855இலேதான் இயற்றப்பட்டது. நாடு முழுவதற்கும் அத்தகைய தீர்ப்பை உயர் நீதிமன்றம் 1954இல் வழங்கிற்று. அவ்வழக்கிலே பிள்ளைகளுக்காக வாதாடியவர் தேகுட் மார்ஷல். அவரும் பிறின்ஸ் ஹோல் சங்கத்தைச் சேர்ந்த ஒரு சகோதரரே.