ரோம் நகரில் சிக்கனப் பயணம்

இத்தாலியின் தலைநகரான ரோம், நண்பர்கள் சிலர் சேர்ந்து குறைந்த செலவில் கண்டுவரத்தக்க தொன்மையான நகரம் என்பதற்கு அதன் தெருவோரக் குடிநீர்க் குழாய்களே முதற்சான்றாகும். ‘நசோனி’ எனப்படும் இந்த வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்கள் 1874ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்டு, இன்று ஏறத்தாழ 2,500 என்ற அளவில் பரவி நின்று, குளிர்ந்த நன்னீரை இலவசமாக வழங்குகின்றன. வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேற்புறத்துச் சிறு துளை வழியே நீர் பீறிட்டு எழும் என்பதால், குனியாமலும் குவளையின்றியும் தாகம் தீர்த்துக்கொள்ளலாம். எத்துணை அருமையான ஏற்பாடு!

கலைச்செல்வமும் அங்கே ஏழைக்கு எட்டாததன்று. சான் லூயிஜி தேவாலயத்தில், ஒளியையும் இருளையும் எதிரெதிரே நிறுத்தித் தீட்டும் முறையில் வல்லவரான கரவாஜ்ஜோ, 1599க்கும் 1602க்கும் இடையே வரைந்த புனித மத்தேயு பற்றிய மூன்று ஓவியங்களைக் கட்டணமின்றிக் காணலாம்; பெட்டியில் நாணயம் இட்டால் சிறிது நேரம் விளக்கெரியும் ஏற்பாடு அங்கிருப்பதால், ஒருவர் இடும் காசு உடன் நிற்கும் அனைவருக்கும் பயன்படும். மாதத்தின் முதல் ஞாயிறன்று கொலோசியம் உள்ளிட்ட அரசு நினைவிடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லையாதலால், பயண நாளை அதற்கேற்ப வகுத்துக்கொண்டு, காலையிலேயே வரிசையில் இடம்பிடிப்பது நன்று.