ஓடாத ரயிலுக்கு ஓட்டு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



மெட்ரோ வேலையால் வரும் தொல்லைகளைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொல்லி செயலாளர் கேட்டுக்கொண்டார். அதைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லஸ் பக்கம் போனவர்களும், பனகல் பார்க்கைச் சுற்றி வந்தவர்களும், அடையாறில் பஸ்ஸுக்கு நின்றவர்களும்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் அதையொட்டிய வேறொரு விஷயத்தைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் நம் லிப்டில் இரண்டு நண்பர்கள் வாக்குவாதம் செய்துகொண்டு வந்தார்கள். இந்த மெட்ரோவைக் கொண்டுவந்தது யார் என்பதுதான் தகராறு. தரைத் தளத்தில் ஆரம்பித்தது. மூன்றாவது மாடியில் நான் இறங்கிவிட்டேன். சண்டை ஐந்தாவது மாடிக்குப் போனது. வந்த திட்டத்துக்கு யார் சொந்தக்காரர் என்று எல்லோரும் சண்டை போடுகிறோம். வராமல் போன திட்டத்தைப் பற்றி மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை என்று வீட்டுக்குப் போய் யோசித்தேன். அந்த யோசனைதான் இந்தப் பேச்சு.

இந்த மேடையில் கட்சி பேசக் கூடாது என்பது நம் வழக்கம். நானும் பேசப் போவதில்லை. நடந்ததைத் தேதியோடு மட்டும் சொல்கிறேன்.

முதலில் என் சொந்தக் கதை. 2012-ல் என் மகளுக்குப் போரூர் பக்கம் ஒரு பிளாட் பார்த்தோம். விற்க வந்தவர் காட்டிய வண்ணத் தாளில், வரப்போகும் மோனோ ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் என்று போட்டிருந்தது. ஒரு கோடும் வரைந்திருந்தார்கள், ஸ்டேஷனுக்கு ஒரு புள்ளியும் வைத்திருந்தார்கள். அரசே அறிவித்த திட்டம் ஆயிற்றே என்று நானும் நம்பினேன். மகளும் நம்பினாள். அதற்குப் பிறகு பல வருஷம் அவள் போரூரிலிருந்து தி. நகருக்கு ஸ்கூட்டரில்தான் ஆபீஸ் போனாள், மழையிலும் சேர்த்து. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த மோனோ ரயிலின் வரலாறு என்ன? 2006 சட்டமன்றத் தேர்தலுக்கு முன் ஜெயலலிதா அவர்களின் அரசு சென்னைக்கு மோனோ ரயில் என்று சொன்னது. தேர்தலில் ஆட்சி மாறியது. புதிதாக வந்த தி.மு.க. அரசு மோனோவை ஓரம்கட்டிவிட்டு மெட்ரோவை எடுத்துக்கொண்டது. 2009 ஜனவரியில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் கொடுத்தது. அந்த வருஷமே வேலையும் தொடங்கிவிட்டது. அத்தோடு மோனோ ரயில் தோற்றுப்போன திட்டம் ஆனது.

ஆனால் தோற்ற திட்டம் சாகவில்லை. 2011 தேர்தலில் மறுபடி வாக்குறுதியாக வந்தது. ஆட்சி திரும்பவும் மாறி, 2011 ஜூன் ஆளுநர் உரையிலும் இடம்பிடித்தது. முதல் கட்டமே 111 கிலோமீட்டர் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மாநகராட்சித் தேர்தல் வந்தது. மோனோ ரயிலால்தான் அந்தத் தேர்தல்களில் ஜெயித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மின்வெட்டு முதல் விலைவாசி வரை அதற்கு எத்தனையோ காரணங்கள். ஆனால் 'எங்களிடம் ஒரு நல்ல திட்டம் இருந்தது, அதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள்' என்று சொல்ல ஒரு பொருள் கையில் இருந்தது.

பிறகு என்ன ஆயிற்று? டெண்டர் விட்டார்கள், ரத்து செய்தார்கள், மறுபடி விட்டார்கள். 111 கிலோமீட்டர் சுருங்கிக்கொண்டே வந்தது. 2014 நவம்பரில் பூந்தமல்லி – கத்திப்பாரா, போரூர் – வடபழனி என்று 20.68 கிலோமீட்டருக்கு மத்திய அரசின் கொள்கையளவிலான ஒப்புதல் கிடைத்தது. ஒரு தூண்கூட எழும்பவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் மெட்ரோவைக் காணொலி வழியாகத் தொடங்கி வைத்தவரும் ஜெயலலிதா அவர்கள்தான். லிப்டில் சண்டை போட்ட இருவரும் ஒருவகையில் சரிதான்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. கட்டி முடித்த திட்டத்துக்குக் குறை சொல்லலாம். கட்டணம் அதிகம், லிப்ட் வேலை செய்யவில்லை, ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ கிடைக்கவில்லை என்று கேட்கலாம். கட்டாத திட்டத்துக்கு ஒரு குறையும் கிடையாது. அது தாளில் எப்போதும் சரியான நேரத்துக்கு ஓடும். மும்பையில் மோனோ ரயிலை நிஜமாகவே கட்டினார்கள். 2014 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்தது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, நஷ்டத்தில் ஓடியது. நம்முடையது ஓடவே இல்லை, ஆகவே அதற்கு அந்தச் சோதனையும் வரவில்லை.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க் 2007-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார். நெரிசல் நேரத்தில் மன்ஹாட்டன் மையப் பகுதிக்குள் வரும் கார்களுக்கு 8 டாலர் கட்டணம். அந்தப் பணத்தைச் சப்வே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் செலவழிப்பது. மாநகரக் கவுன்சில் ஒத்துக்கொண்டது. ஆனால் முடிவு மாநில சட்டசபை கையில் இருந்தது. 2008 ஏப்ரலில் சட்டசபை அதை வாக்கெடுப்புக்கே எடுத்துக்கொள்ளவில்லை. திட்டம் தோற்றது. அதை நம்பி வரவிருந்த மத்திய அரசின் 35 கோடி டாலருக்கு மேற்பட்ட உதவியும் போயிற்று.

அடுத்த ஆண்டு அவருக்குத் தேர்தல். தோற்ற கதையை அவர் மறைக்கவில்லை. அதற்கு வேறு சட்டை போட்டார். கார்க்காரர்களிடம் காசு கேட்கும் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு, போக்குவரத்துக்கென்று ஒரு நீண்ட பட்டியல் வெளியிட்டார். மன்ஹாட்டனில் குறுக்கே ஓடும் பஸ்களில் டிக்கெட் வேண்டாம் என்பதும் அதில் ஒன்று. பஸ்ஸை நடத்துவதோ மாநிலத்தின் கீழ் வரும் அமைப்பு, மேயர் அல்ல. அதுவே அவருக்கு வசதியாகவும் இருந்தது. நடந்தால் பெயர் அவருக்கு, நடக்காவிட்டால் பழி மாநிலத்துக்கு. 2009 நவம்பரில் குறைந்த வித்தியாசத்தில் மூன்றாவது முறையும் ஜெயித்தார். அந்த பஸ்களில் டிக்கெட் மட்டும் போகவில்லை. கார் கட்டணம் கடைசியில் 2025 ஜனவரியில் வேறு ஆட்களின் காலத்தில் 9 டாலராக வந்தது. 2025 நவம்பரில் இலவச பஸ் என்ற வாக்குறுதியோடு இன்னொரு மேயர் ஜெயித்தார். பஸ் இன்னும் அதே அமைப்பின் கையில்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சென்னை மேயர் கையில் என்ன இருக்கிறது? மெட்ரோ, மத்திய மாநில அரசுகள் சரிபாதி பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் கையில். பஸ், மாநில அரசின் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம். மயிலாப்பூர் வழியாகப் போகும் பறக்கும் ரயில், ரயில்வேயிடம். மேயரையும் இப்போது நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. 1996, 2001, 2011-ல் நாம் நேரடியாக ஓட்டுப் போட்டோம். 2022-ல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே நம் வாசலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவர் வார்டு வேட்பாளர் மட்டுமே.

மாநகராட்சியிடம் இருப்பவை சின்ன விஷயங்கள். நடைபாதை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், தெருவில் வண்டி நிறுத்தும் இடம், பஸ் ஸ்டாப் நிழற்குடை. சின்னவை என்று சொன்னேனே தவிர, நமக்கு அவைதான் பெரியவை. நம் கட்டடத்தில் எழுபது தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பூமிக்கடியில் எவ்வளவு நல்ல ரயில் ஓடினாலும், ஸ்டேஷன் வரை விழாமல் நடக்க முடிந்தால்தானே அது நமக்கு ரயில்?

இந்த விஷயத்திலும் ஒரு பழைய வாக்குறுதி இருக்கிறது. 2014-ல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குமாக ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்குப் போக வேண்டும் என்பது அதில் உண்டு. 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மாநகராட்சி நினைத்தால் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அந்த 60 சதவீதத்தைப் பற்றி என்னிடம் ஓட்டுக் கேட்டு வந்த எவரும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. தப்பு என் மேலும் இருக்கிறது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாநகராட்சித் தேர்தல் எப்போது வந்தாலும், வாசலில் நின்று ரயில், பறக்கும் பாலம், இலவச மினி பஸ் என்று யார் சொன்னாலும் சண்டை போடாதீர்கள். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து நாலு கேள்வி கேளுங்கள். இதைச் செய்யும் அதிகாரம் உங்களிடமா, வேறொருவரிடமா? பணம் எந்த பட்ஜெட்டில் இருக்கிறது? எந்த மாதத்துக்குள் முடியும்? போன தடவை சொன்னது என்ன ஆயிற்று? மாநிலம் செய்ய வேண்டியது என்று பதில் வந்தால், உங்கள் கையில் இருக்கும் நடைபாதையை எப்போது செய்வீர்கள் என்று கேளுங்கள். தேர்தல் வரை காத்திருக்கவும் தேவையில்லை. வார்டில் பகுதி சபா கூட்டம் நடக்கும்போது இரண்டு பேராவது போய் இதையே கேட்கலாம்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. ஒரு நோட்டுப் புத்தகம் போடுவோம். யார், என்று, என்ன சொன்னார் என்று ஒரு பக்கம். என்ன நடந்தது என்று எதிர்ப் பக்கம். எந்தக் கட்சியானாலும் ஒரே அளவுகோல். ஒவ்வொரு காலாண்டு இதழிலும் அரைப் பக்கம் அதற்கு ஒதுக்கலாம். போரூர்த் தாளை முதல் பக்கத்தில் ஒட்ட நான் தருகிறேன்.

கடைசியாக ஒரு செய்தி. மோனோ ரயில் போகவிருந்த அந்தப் பூந்தமல்லி – போரூர் – வடபழனி வழி வீணாகவில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து திருமயிலை, பனகல் பார்க், கோடம்பாக்கம் வழியாகப் பூந்தமல்லி போகும் இரண்டாம் கட்ட மெட்ரோ பாதையில் அது சேர்ந்துவிட்டது. நம் பக்கத்தில் தோண்டிக்கொண்டிருப்பது அந்தப் பாதைக்கும் சேர்த்துத்தான். என் மகளுக்கு அந்த ரயில் கிடைக்கும், கொஞ்சம் தாமதமாக.

வீட்டில் பழைய தேர்தல் நோட்டீஸ் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். கீழே செக்யூரிட்டி மேஜையில் கொடுத்துவிடுங்கள். நோட்டுப் புத்தகத்துக்கு வேண்டும்.