அடுத்த பாட்டிலை எங்கே நிரப்புவது?



பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். பாபநாசத்தில் தெளிவாக இறங்கும் தண்ணீர், திருநெல்வேலியைத் தாண்டும்போது அப்படி இருப்பதில்லை. நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலப்பதை 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தார்கள். தண்ணீர் சட்டென்று கெடுவது எந்த இடத்தில்? அதைக் கண்டுபிடிக்க எத்தனை பாட்டில் வேண்டும்?

கெடும் இடம் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு ஒரு பாட்டில் என்றால் நூற்றுக்கு மேல் ஆகும். அதற்குப் பதில் முதலில் நட்ட நடுவில் எடுத்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் கேடு கீழே, இல்லையென்றால் மேலே. 128, 64, 32 என்று பாதி பாதியாகக் குறைந்து, ஏழே பாட்டிலில் ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிடலாம். இப்படி முந்தைய விடையைப் பார்த்து, அடுத்து எங்கே எடுப்பது என்பதைக் கணினி நிரலே தேர்ந்தெடுத்தால், அந்த முறைக்கு 'ஆக்டிவ் லேர்னிங்' என்று பெயர்.

இந்தச் சிக்கனம் ஏன்? ஒவ்வொரு பாட்டிலுக்கும் உழைப்பு தேவை. தண்ணீருக்குள் அமிழ்த்தி, ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். குமிழியிலுள்ள ஆக்ஸிஜன் கரைந்தால் அளவே பொய்யாகிவிடும். கழிவின் அளவைச் சொல்லும் பி.ஓ.டி. சோதனைக்கு அதை 27 டிகிரி சூட்டில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஆறு அவ்வளவு எளிதாகப் பிடிகொடுக்காது. சாக்கடை பல வாய்களில் விழுகிறது. ஓடும் ஓட்டத்தில் ஆறு கொஞ்சம் தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறது. சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலக்கிறது. நடுவில் எடுத்த பாட்டில் நன்றாக இருக்கிறது என்று மேற்பாதியைக் கைவிட்டால், அங்கே கெட்டுத் தேறிய இடம் தப்பிவிடும். எனவே நல்ல நிரல் எந்தப் பகுதியையும் அடியோடு தள்ளாது. அடுத்தடுத்த இரண்டு அளவுகள் எங்கே அதிகம் விலகுகின்றனவோ அங்கே போகும். வெகுதூரம் சோதிக்காமல் கிடக்கும் இடத்துக்கும் ஒரு பாட்டில் ஒதுக்கும். சந்தேகமான அளவை இன்னொரு முறை எடுத்துப் பார்த்த பிறகே நம்பும்.

மாதந்தோறும் குறிப்பிட்ட இடங்களில் எடுக்கும் மாதிரிகள் அவசியம்; ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட அவைதான் ஆதாரம். அதோடு நிறுத்திவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். திருநெல்வேலியில் மேலே குறுக்குத்துறையில் நல்ல அளவும் கீழே வெள்ளக்கோயிலில் கெட்ட அளவும் வந்தால், அடுத்த மாதம் வரை காத்திராமல் அந்த வாரமே இடையிலுள்ள கொக்கிரகுளத்திலும் சிந்துபூந்துறையிலும் வண்ணார்பேட்டையிலும் பாட்டிலை நிரப்ப வேண்டும். அடைக்க வேண்டிய வாய் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.