ஊரார் காத்த செங்கல் வீதி

பழைமையைப் பேணுதல் என்றதும் கோயிற் கோபுரங்களும் அரண்மனைகளும் கோட்டை கொத்தளங்களுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. அண்ணாந்து பார்க்கத் தக்கவற்றையே வரலாற்றுச் சின்னங்கள் எனக் கொள்வது மக்கள் இயல்பு. காலடியிற் கிடப்பதை எவரும் குனிந்து நோக்குவதில்லை. வீதி நடப்பதற்கு உரியது. தேய்ந்தால் மாற்றுதற்கு உரியது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் நகைப்போரும் உளர். ஆயினும், தம் வீதியிற் பதிக்கப்பட்ட செங்கற்களைப் பெயர்க்க விடோம் என்று மாநகர சபையை எதிர்த்து நின்று, நீதிமன்றப் படியும் ஏறிய ஊரார் சிலர் உண்டு. அவர்களுடைய கதை செவிமடுத்தற்குரியது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தெற்கே டெக்சாஸ் மாநிலத்திலே ஹூஸ்டன் என்னும் பெருநகர் உள்ளது. மக்கட்டொகையில் அந்நாட்டின் நான்காவது நகர் அது. வானளாவும் மாடங்கள் நெருங்கிய அதன் நடுப்பகுதிக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில், நான்காம் வட்டாரம் எனப்படும் ஒரு பழைய குடியிருப்பு அமைந்திருக்கிறது. அதனுள் அடங்கியதே ‘பிரீட்மன்ஸ் டவுன்’. விடுதலை பெற்றோர் நகர் என்பது அப்பெயரின் பொருள். அங்கேயுள்ள அன்ட்ரூஸ் வீதியும் வில்சன் வீதியும் செங்கல் பதித்தவை. இவ்விரு வீதிகளுமே வழக்கின் பொருளாயின.

விடுதலை பெற்றோர் என்று அவர்கள் பெயர் பெற்றது எவ்வாறு? அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863ஆம் ஆண்டு பிறந்த அன்றே, கிளர்ச்சி செய்த மாநிலங்களில் உள்ள அடிமைகள் விடுதலை பெற்றனர் என ஆபிரகாம் லிங்கன் பிரகடனஞ் செய்தார். ஆனால் அப்பிரகடனம் டெக்சாஸ் மாநிலத்தில் இரண்டரை ஆண்டுகள் ஏட்டளவிலேயே கிடந்தது. 1865ஆம் ஆண்டு யூன் மாதம் 19ஆம் திகதி, கல்வெஸ்டன் துறைமுகத்தில் வந்திறங்கிய தளபதி கோர்டன் கிரேஞ்சர், அடிமைகள் யாவரும் விடுதலை பெற்றவரே என்ற கட்டளையை வெளியிட்டார். அம்மாநிலத்தில் அன்று அடிமைகளாயிருந்தோர் ஏறத்தாழ 250,000 பேர்.

விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. பருத்தித் தோட்டங்களையும் கரும்புத் தோட்டங்களையும் விட்டு, கையில் மூட்டையும் தோளிற் குழந்தையுமாய் நகரை நாடி வந்தோருக்கு, ஹூஸ்டனில் எளிதாய்க் கிட்டிய இடம் பஃபலோ ஓடையின் தென்கரைதான். மழை பெய்தால் வெள்ளம் ஏறும். வெயில் எறித்தாலுஞ் சேறு காயாது. பிறர் விரும்பாத தாழ்நிலமாதலின் அதனை இவர்களுக்கு விட்டுக்கொடுக்க எவரும் தயங்கவில்லை. அச்சேற்றிலே மரவீடு கட்டிக் குடியேறிய மக்கள், அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1866இல், தமக்கென அந்தியோக்கியா பாப்டிஸ்ட் திருச்சபையை நிறுவினர். அதன் போதகராய் அமைந்த ஜாக் யேட்ஸ் என்பவர் தாமும் அடிமையாய்ப் பிறந்தவரே. அச்சபையார் 1870களில் செங்கல்லால் எழுப்பிய ஆலயம் இன்றும் நிற்கிறது. சுற்றிலும் மாடங்கள் உயர்ந்துவிட்டமையால் அவற்றினிடையே அது சிறு கூடு போலத் தோன்றும். விடுதலை நாளைக் கொண்டாடுதற்கு ஓர் இடம் வேண்டுமென்று யேட்சும் பிறரும் பணம் சேர்த்து, 1872இல் நகரின் பிறிதொரு வட்டாரத்திலே பத்து ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கினர். தமக்கு வேண்டியதைத் தாமே தேடிக்கொள்ளும் பழக்கம் அந்த மக்களிடத்தே தொடக்கத்திலேயே வேரூன்றிவிட்டது என்பதற்கு இஃதொன்றே சான்று.

கல்வியை எடுத்துக்கொள்வோர்க்கும் இதுவே தோன்றும். எழுத்தறிவு கிட்டாத வாழ்விலிருந்து விடுபட்டு வந்தோர், சோற்றுக்கு அடுத்தபடியாகத் தேடியது பள்ளிக்கூடத்தையே. கறுப்பினப் பிள்ளைகளுக்காக அங்கே தோன்றிய கிரகரி பாடசாலை பல தலைமுறைகளுக்கு அறிவூட்டியது. நாளடைவிலே வைத்தியரும் வழக்கறிஞரும் வணிகரும் அங்கே வாழ்ந்தனர். கடைகளும் ஆலயங்களும் மலிந்தன. ஆனால் வீதி மட்டும் சேறாகவே இருந்தது. நகரின் ஏனைய பகுதிகளில் வீதிகள் செப்பனிடப்பட, வரி செலுத்திய இவர்களுடைய வட்டாரம் புறக்கணிக்கப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூரார் தம் கைப்பணத்தைச் சேர்த்துச் செங்கல் வாங்கி, தாமே வீதியிற் பதித்தனர் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. பாட்டன் சொல்லப் பேரன் கேட்ட செய்தி அது. பகலெல்லாம் பிறர்க்கு உழைத்த ஆடவர், தம் வீட்டு வாயிலுக்கு முன்னே முழந்தாளிட்டுக் கல் பதித்தனர் என்பர். வீதிகள் சந்திக்கும் இடங்களிலே கற்களின் அடுக்கு மாறி வேறொரு கோலமாய் அமைகிறது. மேற்கு ஆபிரிக்காவின் யொரூபா மக்களது மரபைப் பின்பற்றியதே அக்கோலம் என்பது ஊரார் நம்பிக்கை. அதனை ஐயுறும் அறிஞர் இருக்கலாம். ஆயினும், மூதாதையரின் மொழியையும் பெயரையும் இழந்த ஒரு சமூகம், அவர்தம் கைத்திறத்தின் சுவடு ஒன்றாவது காலடியில் எஞ்சியிருக்கின்றது என்று எண்ணுமாயின், அவ்வெண்ணத்தின் அருமையை எவரும் எளிதில் உணரலாம்.

செங்கல் வீதி என்பது இவ்வூருக்கு மட்டும் உரியதன்று. 1870களில் மேற்கு வெர்ஜீனியா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரிலே தொடங்கி, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இம்முறை பரவியது. குதிரையின் குளம்புக்கும் வண்டிச் சில்லுக்கும் ஈடுகொடுக்கும்படி நன்கு சுட்ட கற்களை, மணற்படுக்கையின் மேல் நெருக்கி அடுக்குவர். மோட்டார் வண்டி பெருகிய பின்னர்த் தாரும் கொங்கிறீற்றும் வந்து செங்கல்லைப் பின்தள்ளின. பல வீதிகளிற் செங்கல் அகற்றப்படாமலே அதன் மேல் தார் ஊற்றப்பட்டது. எனினும் செங்கல்லுக்குச் சில சிறப்புக்கள் உண்டு. தார் வீதியை அடிக்கடி புதுப்பித்தல் வேண்டும். நன்கு பதித்த செங்கல் நூறாண்டுங் கிடக்கும். ஓரிடம் தாழ்ந்தால் அங்குள்ள கற்களை எடுத்து, மணலை நிரவி, அதே கற்களை மீளவும் வைக்கலாம். வண்டியின் விரைவையும் அது தானே அடக்கும். குறைகளும் இல்லாமலில்லை. மரவேர் கிளப்பிய இடத்திலே முதியோர் கால் இடறும். சில்லு நாற்காலியிற் செல்வோர் இடர்ப்படுவர். கல்லை முறையாகப் பதிக்க வல்ல தொழிலாளரும் அருகிவிட்டனர்.

நான்காம் வட்டாரத்துக்கு வந்த இடர் ஒருநாளில் வந்ததன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே, 1942 முதல் 1944 வரை, அவ்வட்டாரத்தின் பெரும்பகுதியொன்றை அழித்துச் சான் பெலிப்பே கோர்ட்ஸ் என்னும் அரசாங்கக் குடியிருப்பு கட்டப்பட்டது. இடிபட்ட வீடுகள் கறுப்பினத்தாருடையவை. எழுந்த வீடுகளோ அன்று வெள்ளையர்க்கே ஒதுக்கப்பட்டன. பின்னர் நெடுஞ்சாலை ஒன்று குறுக்கே புகுந்து, வட்டாரத்தின் கீழ்ப்பகுதியை நகர நடுவோடு சேர்த்து வெட்டிவிட்டது. வசதியுள்ளோர் வேறிடம் பெயர்ந்தனர். எஞ்சியவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு இருந்த ஏழைகளும் முதியோருமே.

1985ஆம் ஆண்டில் இப்பகுதியின் நாற்பது வரையான வீதிக்கட்டங்கள் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டன. ஊரார் மகிழ்ந்தனர். ஆனால் அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அப்பதிவேடு 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ தொடர்புபட்ட வேலைகளுக்கு முன்னர் ஆராய்வு நிகழவேண்டும் என்பதே அச்சட்டத்தின் வலிமை. தனியார் தம் சொந்தப் பணத்திலே தம் வீட்டை இடிப்பதை அது தடுக்காது. நில வகுப்புச் சட்டம் இல்லாத அமெரிக்கப் பெருநகர் ஹூஸ்டன். அங்கே காவலற்ற பழைய வீடுகள் நிற்றல் அரிது. பதிவேட்டிற் சேர்ந்தபோது இருந்த மரவீடுகளில் மிகப் பெரும்பாலானவை அடுத்த சில பத்தாண்டுகளுள் மறைந்தன. அவை நின்ற இடத்திலே மூன்றடுக்கு மாடிவீடுகள் எழுந்தன. வீடு போயிற்று, அயலவர் போயினர். வீதியிற் கிடந்த கல் மட்டும் கிடந்தது. ஆதலினாலேதான் அக்கல்லின் மீது ஊரார் அவ்வளவு உறுதி கொண்டனர்.

மாநகர சபையார் பக்கத்திலும் நியாயம் இருந்தது. செங்கல்லுக்குக் கீழே ஓடிய நீர்க்குழாய்களும் கழிவுநீர்க் குழாய்களும் மிகப் பழையன. ஹூஸ்டனின் களிமண் மழைக்கு வீங்கிக் கோடைக்குச் சுருங்குவது. குழாய்கள் வெடிப்பதும் வீதி மேடுபள்ளமாவதும் அதனால் விளைவன. குழாய்களை மாற்றுதற்காகக் கற்களை எடுத்து, துப்புரவு செய்து, பின்னர் மீளவும் பதிப்போம் என்றனர் அதிகாரிகள். “நல்ல குடிநீர் வேண்டாமா? வெள்ளம் வடிய வேண்டாமா?” என்று அவர்கள் வினவியது பொருந்தாத வினாவன்று.

ஊரார் கூறிய மறுமொழி இதுவாகும்: குழாய் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை, வீதியின் ஓரமாகவோ, தோண்டாது நிலத்தின் கீழாகவோ குழாய் செலுத்தும் முறைகள் உண்டு, அவற்றை ஆராயுங்கள். ஒருமுறை எடுக்கப்பட்ட கல் மீண்டும் வருமென்பதற்கு என்ன உறுதி? வரினும் பழைய இடத்தில், பழைய கோலத்தில் வருமா? முன்னர் வெவ்வேறு வேலைகளுக்காகத் தோண்டப்பட்ட இடங்களிலே செங்கல் போய்த் தாரும் சீமெந்துமாய் ஒட்டுப்போட்டிருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர். கூட்டங்கள் கூடின, ஆலயங்களிலே பேச்சு நிகழ்ந்தது, மூதாட்டியர் வீதியில் வந்து நின்றனர். 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வழக்கு நீதிமன்றம் சென்றது; கற்களை அகற்றும் வேலைக்குத் தற்காலிகத் தடை கிடைத்தது.

அஞ்சியது பொய்யன்று என்பதை அடுத்த ஆண்டு காட்டிற்று. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மாநகர சபையின் வேலையை ஏற்ற ஒப்பந்தகாரரின் ஆட்கள் அன்ட்ரூஸ் வீதியின் ஒரு பகுதியைத் தோண்டிக் கற்களைப் பெயர்த்தனர். கண்டோர் கூடினர், வேலை நிறுத்தப்பட்டது. அப்பொழுது மேயராயிருந்த சில்வெஸ்டர் டேர்னர், அவ்வாறு நிகழ்ந்திருத்தல் ஆகாது என்பதை ஏற்றுக்கொண்டு, கற்கள் மீள வைக்கப்படும் என உறுதி கூறினார். அவரும் கறுப்பினத்தவரே, ஹூஸ்டனில் வளர்ந்தவரே. ஆகவே, இதனை இனப்பகை என்ற ஒரு சொல்லால் அடக்கிவிடுதல் இயலாது. நல்லெண்ணமுடைய ஆட்சியின் கீழும், மேசையிலிருந்து புறப்படும் கட்டளை வீதியிலே மண்வெட்டி பிடித்தவனைச் சென்றடையும் முன்னர் எத்தனையோ கைமாறுகிறது. இடையிலே கண் விழித்திருப்போர் ஊராராய் இருந்தாலன்றிப் பழையது தப்பாது.

அவர்களுடைய விடாமுயற்சி முற்றும் வீண்போகவில்லை. கிரகரி பாடசாலையின் 1926ஆம் ஆண்டுக் கட்டிடம் செப்பனிடப்பட்டு, ஆபிரிக்க அமெரிக்க மக்களின் வரலாற்றைப் பேணும் நூலகமாக 2009இல் திறக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஹூஸ்டன் மாநகர சபை, பிரீட்மன்ஸ் டவுனை நகரின் முதலாவது மரபுரிமை வட்டாரமாக அறிவித்தது. செங்கல் வீதிகளைப் பேணுதலும் அவ்வறிவிப்பின் நோக்கங்களுள் ஒன்று.

“குடியிருந்தோர் பலர் போய்விட்டபின் கல்லைக் காப்பதால் ஆவதென்ன?” என்று கேட்போரும் உண்டு. கடுமையான கேள்விதான். வீதி புகழ் பெறப் பெற நிலத்தின் விலை ஏறும். விலை ஏற வரி ஏறும். வரி ஏற, கல்லைக் காத்த கிழவிக்கே அங்கு வாழ்தல் அரிதாகும். மரபுரிமையைப் பேணுவோர் மக்களை மறந்தாராயின், எஞ்சுவது காட்சிப்பொருளே. ஆதலின் கல்லைக் காத்தலும் குடியைக் காத்தலும் ஒருங்கே நிகழவேண்டும் என்பதே அவ்வூராரின் முடிவு.

எனினும், கல்லும் இல்லையாயின் கேட்பதற்கு வாயும் இராது. அங்கே முன்னொருகால் வாழ்ந்தோரின் வீடுகளை இனி எவராலும் காட்ட முடியாது. அவர்தம் பெயர்களோ பெரும்பாலும் எழுதப்படாதவை. ஆனால் அன்ட்ரூஸ் வீதியிலே ஒரு சிறுவன் குனிந்து, “இதை வைத்தவர் யார்?” என்று கேட்டால், மறுமொழி கூற ஓர் இடம் உண்டு. “அரசு வீதி தரவில்லை, உன் முன்னோர் தாமே வீதி கண்டனர்” என்று அருகில் நிற்பவர் சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவ்வூரார் நீதிமன்றம் ஏறினர். தன் காலடியிற் கிடப்பதை யார் வைத்தார் என்று அறிந்து நடப்பவன், தலை நிமிர்ந்து நடப்பான்.